இரண்டாம் ஆண்டுச் சம்பளம் யார் கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளரும் நாடுகளின் தொடக்கக் கல்விக்கு வந்துகொண்டிருந்த வெளிநாட்டு உதவி சுருங்குவது பற்றித் தங்கள் தலையங்கமும், அதையொட்டி இரண்டு வாசகர் கடிதங்களும் வந்தன. பணம் நின்றால் பள்ளிகள் இழுத்து மூடப்படும் என்கிறது ஒரு கடிதம். இத்தனை காலம் கொடுத்ததெல்லாம் திருடு போய் விழலுக்கு இறைத்த நீரானது என்கிறது மற்றது. இரண்டுக்கும் ஆதாரம் காட்ட முடியும். ஆனால் எந்தப் பணம், எந்தச் செலவுக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்று பிரித்துப் பார்க்காமல் இந்த வாதத்தில் இறங்குவதில் பயனில்லை.

குறைப்பு உண்மைதான். பிரிட்டன் 2021-ல் தன் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதமாக இருந்த உதவியை 0.5 சதவீதமாக்கியது. 2027-க்குள் 0.3 சதவீதத்துக்கு இறக்கப்போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எய்டு 2025 ஜூலை 1 முதல் தனி நிறுவனமாகச் செயல்படுவதை நிறுத்திவிட்டது. கல்விக்கான சர்வதேச உதவி 2023-ஐ ஒப்பிட 2026-க்குள் 320 கோடி டாலர், அதாவது ஏறத்தாழ கால்வாசி, குறையும் என்பது யூனிசெஃப்பின் மதிப்பீடு. குறைந்த வருமான நாடுகள் 2022-ல் ஒரு மாணவருக்கு ஆண்டுக்குச் செலவிட்டது 55 டாலர், பணக்கார நாடுகள் செலவிட்டது 8,500 டாலருக்கு மேல் என்று உலக வங்கியும் யுனெஸ்கோவும் சேர்ந்து கணக்குச் சொல்லியிருக்கின்றன. 55 டாலரில் ஓடும் பள்ளியில் 5 டாலர் குறைந்தாலும் எங்காவது ஓர் இடத்தில் இடிக்கும்.

ஆனால் 'கல்வி உதவி' என்று அச்சாகும் தொகை முழுவதும் பள்ளிக்கூடத்துக்குப் போவதில்லை. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யின் விதிப்படி, வளரும் நாட்டு மாணவர் ஒருவர் ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ பல்கலைக்கழகத்தில் படித்தால், அவருக்காக அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆகும் செலவையும் அந்த நாடு தன் உதவிக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். இவ்விரு நாடுகளும் காட்டும் கல்வி உதவியில் பெரும் பங்கு இந்த வகைதான். பணம் அந்த நாட்டு எல்லையைத் தாண்டுவதே இல்லை. நைஜர் நாட்டில் 2-ம் வகுப்புப் பிள்ளைக்கு அதனால் ஒரு சிலேட்டுக்குச்சி கூட வராது. ஆகவே எந்தத் தொகையைப் பார்த்தாலும் அதில் 'அடிப்படைக் கல்வி' என்ற தனித் தலைப்பில் எவ்வளவு என்று தேட வேண்டும். அந்தத் தலைப்பில் மழலையர் கல்வி, தொடக்கக் கல்வி, எழுத்தறிவு ஆகியவை வரும். பொதுவான தலைப்பைப் பார்த்துவிட்டு மகிழ்வதும் வருந்துவதும் வீண்.

அடுத்தது, அந்தப் பணம் என்ன வாங்குகிறது என்பது. ஏழை நாடுகளின் தொடக்கக் கல்விச் செலவில் ஆசிரியர் சம்பளமே பெரும்பகுதி. பல நாடுகளில் ஆண்டுச் செலவில் 80, 90 சதவீதம் வரை அதுதான். கொடுக்கிற நாடுகளோ சம்பளம் கொடுக்க விரும்புவதில்லை. அது முடிவில்லாத செலவு, பலகையில் பெயர் எழுத முடியாத செலவு, நிறுத்தினால் கெட்ட பெயர் வரும் செலவு. ஆகவே கட்டடம் கட்டுகிறார்கள், பயிற்சி முகாம் நடத்துகிறார்கள், கணினி வாங்கித் தருகிறார்கள். மூன்று அல்லது ஐந்து ஆண்டில் கோப்பை மூடிவிடலாம்.

கணக்குக்காக ஓர் உதாரணம். மூன்று வகுப்பறைக் கட்டடம் 30,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அறைக்கு ஓர் ஆசிரியர் என்றால் மூவர். ஆண்டுச் சம்பளம் தலைக்கு 2,400 டாலர் என்றால் 7,200. கட்டடச் செலவில் 2 சதவீதம் பராமரிப்புக்கு என்று எடுத்தால் 600. புத்தகம், சாக்பீஸ், பதிவேடு எல்லாம் சேர்த்து இன்னொரு 200. ஆண்டுக்கு 8,000 டாலர். நான்காம் ஆண்டு முடிவதற்குள் நடத்தும் செலவு கட்டிய செலவைத் தாண்டிவிடுகிறது. கட்டடம் நிற்கப்போவது 25, 30 ஆண்டுகள். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியவர் கொடுத்தது அந்தப் பள்ளியின் ஆயுட்காலச் செலவில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் இராது. மீதி முழுவதும் அந்த நாட்டு நிதி அமைச்சகத்தின் தலையில். பள்ளியை எங்கே கட்டுவது என்று முடிவெடுத்தபோது அந்த அமைச்சகத்தைக் கேட்டிருப்பார்களா என்பதே பல நேரம் சந்தேகம்.

பராமரிப்புக்குப் பணமில்லாத கட்டடம் எப்படிப் போகிறது என்று பார்த்தால், முதலில் போவது கூரை. சுவரின் தலையில் சுற்றிலும் கான்கிரீட் வளையம் போட்டு, அதில் கம்பி விட்டு மரச்சட்டத்தை இறுக்கிக் கட்ட வேண்டும். பட்ஜெட்டைக் குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த வளையம்தான், ஏனென்றால் பூச்சு பூசியபின் அது வெளியே தெரியாது. 28 கேஜ் தகரத்துக்குப் பதில் 32 கேஜ் போடுவார்கள். எண் கூடினால் தகடு மெலியும் என்பது ஒப்பந்தக்காரருக்குத் தெரியும், பள்ளிக் குழுவுக்குத் தெரியாது. மழைக்கு முன் வரும் காற்றில் மெல்லிய தகரம் ஆணித் துளையைக் கிழித்துக்கொண்டு பறக்கும். மருந்தடிக்காத மரச்சட்டத்தைக் கரையான் தின்னும். ஒரு தகடு போனதும் அடுத்த மழையில் அறைக்குள் தண்ணீர், தரை வெடிப்பு. பிறகு அந்த அறையில் வகுப்பு நடப்பதில்லை. பத்துத் தகடும் ஒரு தச்சரின் இரண்டு நாள் கூலியும் இருந்தால் சரியாகும் விஷயம். அந்தப் பணத்தைச் செலவு செய்ய யாருக்கும் அதிகாரம் இருக்காது. கழிப்பறையும் அப்படித்தான். 25 மாணவியருக்கு ஒன்று, 50 மாணவருக்கு ஒரு கழிப்பறையும் சிறுநீர் கழிக்க ஒரு தொட்டியும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். எண்ணிக்கைக்குக் கட்டிவிடுகிறார்கள். குழி நிறைந்தால் யார் அள்ளுவது என்பது திட்ட அறிக்கையில் இல்லை. நிறைந்ததும் கதவுக்குப் பூட்டு.

கட்டடமே வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. பள்ளியே இல்லாத இடத்தில் பள்ளி கட்டுவது போல் வேறெதுவும் பிள்ளைகளைச் சேர்க்காது. புர்கினா ஃபாஸோவில் 2005-ல் தொடங்கி, பெண் குழந்தைகளின் சேர்க்கை குறைந்திருந்த 132 ஊர்களில் அமெரிக்க உதவியில் பள்ளிகள் கட்டினார்கள். மூன்று வகுப்பறை, ஆசிரியர் குடியிருப்பு, குடிநீர், மாணவியருக்குத் தனிக் கழிப்பறை, வருகைக்கு ஏற்ப வீட்டுக்கு எடுத்துச் செல்லத் தானியம் எல்லாம் ஒரே தொகுப்பில். சேர்க்கை ஏறத்தாழ 19 சதவீதப் புள்ளி உயர்ந்தது. ஆசிரியர் குடியிருப்பு அந்தத் தொகுப்பில் இருந்ததைக் கவனிக்க வேண்டும். ஊரில் தங்க இடமில்லாத ஆசிரியர் திங்கள் மதியம் வந்து வெள்ளி காலையில் கிளம்பிவிடுவார். சம்பளம் வாங்க மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டியிருந்தால் மாதத்தில் இன்னும் இரண்டு மூன்று நாள் போகும். செல்போன் வழியாகச் சம்பளம் போட்டால் அந்த நாட்களாவது வகுப்புக்கு மிஞ்சும். இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை.

கட்டணத்தை ஒழித்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பாடம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. மலாவி 1994-ல் ஒழித்தது. 19 லட்சமாக இருந்த சேர்க்கை ஏறத்தாழ 30 லட்சமானது. கென்யா 2003 ஜனவரியில் ஒழித்தது. 59 லட்சம் ஒரே ஆண்டில் 72 லட்சமானது. பள்ளிக்கு வராமல் பிள்ளைகளைத் தடுத்தது பெற்றோரின் மனமல்ல, கட்டணம்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் வந்த பிள்ளைகளுக்கு முன் யார் நிற்பது? மலாவி சுமார் 20,000 பேரை அவசரமாக ஆசிரியர்களாக எடுத்தது. பெரும்பாலோருக்குப் பயிற்சி இல்லை. 1-ம் வகுப்பில் நூற்றுக்கு மேல் பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். கட்டணம் ஒழித்த முதல் ஆண்டில் கைதட்டிய வெளிநாடுகள் அடுத்த பத்தாண்டுக்குச் சம்பளத்தில் பங்கு தருவோம் என்று எழுதிக் கொடுத்திருந்தால், ஆசிரியரை இரண்டு ஆண்டு பயிற்றுவித்து எடுக்க அவகாசம் கிடைத்திருக்கும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

வெளிநாட்டுப் பணத்தில் சம்பளம் கொடுக்கவே முடியாது என்பார்கள். கொடுத்திருக்கிறார்கள். எத்தியோப்பியாவில் 2005 தேர்தல் வன்முறைக்குப் பிறகு மத்திய அரசின் பட்ஜெட்டுக்கு நேரடியாகப் பணம் தருவதை உதவி நாடுகள் நிறுத்தின. ஆனால் 2006 முதல் ஒரு பொது நிதி அமைத்து, மாநிலங்களுக்கும் வட்டாரங்களுக்கும் போகும் தொகுப்பு மானியத்தில் பங்கு போட்டன. ஆசிரியர், சுகாதார ஊழியர், வேளாண் ஊழியர் சம்பளம் அதிலிருந்து போனது. அரசியல் காரணமாக ஒரு வழியை அடைத்தபோதும் பள்ளியை அடைக்காத ஏற்பாடு அது. ஆப்கானிஸ்தானில் 2002 முதல் உலக வங்கி நிர்வகித்த பொது நிதி, அரசுச் சம்பளச் செலவில் பங்கு கொடுத்துவந்தது. அதில் ஆசிரியர்களும் அடக்கம். அங்கே அதன் மறுபக்கமும் தெரிந்தது. 2021 ஆகஸ்டில் ஆட்சி மாறியதும் பணம் நின்றது. மாதக்கணக்கில் சம்பளமில்லை. 2022 தொடக்கத்தில் யூனிசெஃப் சுமார் 1,94,000 ஆசிரியர்களுக்கு மாதம் 100 டாலர் அளவில் இரண்டு மாதம் கொடுத்துத் தாங்கிப் பிடித்தது. சம்பளத்தை வெளியார் கொடுத்தால் இப்படி ஒருநாள் அறுந்துபோகும் என்பது நியாயமான எதிர்வாதம். அதற்கு விடை, கொடுக்காமல் இருப்பதல்ல. முதலாண்டில் 70 சதவீதம், பிறகு ஆண்டுக்கு 7 சதவீதம் குறைத்துப் பத்தாண்டில் முடிப்பது என்று தொடக்கத்திலேயே அட்டவணை போட்டுக் கையெழுத்திடலாம். குறையும் பங்கை உள்நாட்டு வரியிலிருந்து ஏற்றுவதாக நிதி அமைச்சகம் அதே தாளில் கையெழுத்திட வேண்டும்.

புத்தகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உதவி எங்கே சிக்குகிறது என்பது அதில் கண்கூடாகத் தெரியும். கேமரூனில் 2-ம் வகுப்பில் 12 பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்புப் புத்தகம், 14 பிள்ளைகளுக்கு ஒரு கணக்குப் புத்தகம் என்று யுனெஸ்கோ 2016-ல் சொன்னது. இதைப் படித்ததும் ஒரு நல்ல மனிதர் கப்பலில் புத்தகம் அனுப்பத் தோன்றும். அனுப்பியும் இருக்கிறார்கள். சியாரா லியோனில் அப்படி வந்த பாடநூல்கள் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. பிள்ளைகளின் மதிப்பெண் அசையவில்லை. ஏன் என்று ஆராய்ந்தவர்கள் கண்டது, பல பள்ளிகள் அந்தப் புத்தகங்களைக் கொடுக்காமல் அறையில் அடுக்கி வைத்திருந்தன. அடுத்த ஆண்டு வருமோ வராதோ என்று தெரியாதபோது, இருப்பதைப் பத்திரப்படுத்துவதுதான் தலைமை ஆசிரியருக்குப் புத்திசாலித்தனமாகப் பட்டது. தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. அவரைக் குறை சொல்வது எளிது. வரத்து நிச்சயமில்லாத வீட்டில் அரிசிப் பானையை யார்தான் திறந்து வைப்பார்கள்?

வகுப்பில் 60 பிள்ளைகள், 4 பாடம் என்றால் 240 புத்தகம். ஒரு புத்தகம் மூன்று ஆண்டு தாங்கினால் ஆண்டுக்கு 80 புதிதாக வர வேண்டும். கிழிவது, தொலைவது, மழையில் நனைவது, புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்று இன்னும் 10 சதவீதம் கையிருப்பு. ஒரே தடவை 240 கொடுத்துவிட்டுப் போனால் நான்காம் ஆண்டில் அந்த வகுப்பு பழைய நிலைக்கு வந்து நிற்கும். மூன்று ஆண்டு தாங்குவதும் தானாக நடக்காது. உள்தாளின் கனம் 80 ஜி.எஸ்.எம்.முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற அளவு) குறைந்தால் பின்பக்க எழுத்து தெரியும், திருப்பும் மூலை கிழியும். அட்டை 250 ஜி.எஸ்.எம்.மாவது வேண்டும், மேலே பிளாஸ்டிக் பூச்சு வேண்டும். முதுகில் பசை மட்டும் போட்ட புத்தகம் வெப்பத்தில் பிளந்து நடுவில் இரண்டாகும். 96 பக்கம் வரை நடுவில் மடித்துக் கம்பித் தையல் போடுவதே நல்லது, அதற்கு மேல் நூல் தையல். டெண்டரில் 'மிகக் குறைந்த விலை' என்று மட்டும் எழுதினால் 60 ஜி.எஸ்.எம். தாளும் பசையும்தான் வரும். விலை பாதி, ஆயுள் ஓராண்டு. ஆகவே விலையைப் பிரதிக்குப் பார்க்காமல், பிரதி தாங்கும் ஆண்டுக்குப் பார்க்க வேண்டும்.

பிறகு பயணம். அச்சகம் எல்லாவற்றையும் பாடவாரியாக மொத்தமாகக் கட்டி மாவட்டக் கிடங்குக்கு அனுப்பினால், அங்கே இருக்கும் ஒரே எழுத்தர் ஒவ்வொரு பள்ளிக்கும் எண்ணிப் பிரிக்க வேண்டும். ஒரு மாதம் போகும். அச்சகத்திலேயே பள்ளிவாரியாகப் பெட்டி கட்டி, மேலே பள்ளியின் பெயரும் எண்ணிக்கையும் ஒட்டச் சொன்னால் செலவு சற்றே கூடும், அந்த மாதம் மிஞ்சும். லாரி மாவட்டத் தலைநகர் வரைதான் வரும் என்று ஒப்பந்தம் இருக்கும். அங்கிருந்து பள்ளிக்கு 30 கிலோமீட்டர். அந்த 30 கிலோமீட்டருக்குப் பணம் எந்தத் தலைப்பிலும் இருக்காது. தலைமை ஆசிரியர் சொந்தக் காசில் மோட்டார் சைக்கிளில் இரண்டு பெட்டி கட்டிக்கொண்டு போவார். மீதிப் பெட்டிகள் கிடங்கில் செல்லரிக்கும். திட்டத்தின் இறுதி அறிக்கையில் அது '100 சதவீதம் விநியோகம்' என்று வரும், ஏனெனில் மாவட்டத்தில் கையெழுத்தாகிவிட்டதே.

காலமும் பொருந்தாது. அமெரிக்க நிதியாண்டு அக்டோபரில் தொடங்கும், பிரிட்டனுக்கு ஏப்ரலில். கென்யா, உகாண்டா, தான்சானியா அரசுகளுக்கு ஜூலையில். அங்கே பள்ளி திறப்பதோ ஜனவரி, பிப்ரவரியில். ஜூலையில் அனுமதி கிடைத்து, டெண்டர் விட்டு, அச்சடித்து, துறைமுகத்தில் சுங்கம் கழிந்து வரும்போது பள்ளி ஆண்டில் பாதி போயிருக்கும். ஜனவரிப் புத்தகத்துக்கு முந்தைய ஆண்டின் தொடக்கத்திலேயே பணம் உறுதியாகியிருக்க வேண்டும். ஓராண்டு ஒதுக்கீட்டில் இது நடக்காது.

புத்தகம் எந்த மொழியில் என்ற கேள்வியும் உண்டு. கென்யாவின் மேற்குப் பகுதியில் அரசுப் பாடநூல்களைப் பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுத்துச் சோதித்தார்கள். ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு மட்டும் உதவியது. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாம் மொழி. ஏட்டுச் சுரைக்காய் என்று நாம் சொல்வது இதைத்தான்.

சரி, எது வேலை செய்திருக்கிறது? அதே கென்யாவில் 2015-ல் தொடங்கிய துசோமே என்ற வாசிப்புத் திட்டத்தைச் சொல்லலாம். பெரும்பகுதி அமெரிக்க உதவிப் பணம். அரசின் சுமார் 23,000 தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிஸ்வாஹிலியிலும் ஆங்கிலத்திலும் ஆளுக்கொரு புத்தகம், பகிர்வு கிடையாது. ஆசிரியருக்குப் பாடவாரியாக என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய வழிகாட்டி. மூன்றாவதுதான் முக்கியம். ஏற்கெனவே அரசுச் சம்பளத்தில் இருந்த வட்டார அலுவலர்களுக்கு ஒரு டேப்லெட் கொடுத்து, வகுப்பில் உட்கார்ந்து பாடத்தைக் கவனித்து, முடிவில் இரண்டு மூன்று பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யச் சொன்னார்கள். பள்ளிக்கு உண்மையில் போனதை ஜிபிஎஸ் காட்டும், அதன்படி பயணப்படி. அதற்கு முன்பு வட்டார அலுவலர் அலுவலகத்தை விட்டு நகராததற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல, பெட்ரோலுக்குப் பணமில்லை. புதிய அமைப்பு எதையும் பக்கத்தில் கட்டி நிறுத்தாமல் இருக்கிற ஆளை நகர வைத்ததே அதன் பலம். ஆண்டுக்கு ஒரு தடவை ஹோட்டலில் ஐந்து நாள் பயிற்சி வைத்து, வந்தவர் போய் மற்றவருக்குச் சொல்லி, அவர் போய் இன்னொருவருக்குச் சொல்லும் அடுக்குப் பயிற்சியை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றாம் படியில் மிஞ்சுவது பயிற்சிக் கையேட்டின் அட்டையும் படிக்காசு வாங்கிய கையெழுத்தும்தான்.

பிள்ளைகள் படிக்கிறார்களா என்று பார்க்கவும் பெரிய தேர்வு வேண்டாம். 2006-ல் யுஎஸ்எய்டு பணத்தில் உருவான தொடக்கநிலை வாசிப்புச் சோதனை ஒன்று பல நாடுகளில் புழங்குகிறது. பிள்ளையைத் தனியே உட்கார வைத்து, எழுத்து, சொல், சிறு பத்தி என்று ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி, சரியாகச் சொன்னதை எண்ணுவது. பிறகு அந்தப் பத்தியிலிருந்து நான்கைந்து கேள்வி. ஒரு பிள்ளைக்குக் கால் மணி நேரம். இதில் பார்க்க வேண்டியது சராசரி அல்ல, ஒரு சொல்லும் வாசிக்க முடியாத பிள்ளைகள் எத்தனை பேர் என்பது. சராசரி மேல்தட்டுப் பிள்ளைகளால் உயரும், சுழியம் வாங்கியவர் எண்ணிக்கை அப்படியே கிடக்கும். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 10 வயதுப் பிள்ளைகளில் 53 சதவீதம் பேர் ஓர் எளிய கதையை வாசித்துப் புரிந்துகொள்ள முடியாதவர்கள் என்று உலக வங்கி 2019-ல் சொன்னது. அவர்களில் பெரும்பாலோர் பள்ளியில் இருப்பவர்கள். 'எத்தனை பேரைச் சேர்த்தோம்' என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்ததன் விளைவு.

மடிக்கணினி, டேப்லெட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரு நாட்டில் லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். 319 பள்ளிகளில் ஆராய்ந்தபோது கணக்கிலும் மொழியிலும் மாற்றம் தெரியவில்லை. குடற்புழு மாத்திரை மலிவு. கென்யாவின் புசியா பகுதியில் பள்ளி வராத நாட்களைக் கால்வாசி குறைத்தது. ஆனால் தேர்வு மதிப்பெண்ணை உயர்த்தவில்லை. வரவழைப்பது வேறு, வந்த பிள்ளைக்குக் கற்றுத் தருவது வேறு.

திருட்டு பற்றி எழுதிய வாசகருக்கு ஒரு வார்த்தை. உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு மாணவர் தலைக்கு இவ்வளவு என்று அனுப்பிய மானியம் உண்மையில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று 250 பள்ளிகளின் கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். சராசரியாக 13 சதவீதம். பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒன்றுமே வரவில்லை. அப்படி ஒரு மானியம் இருப்பதே பெற்றோருக்குத் தெரியாது. பணத்தை மாவட்ட நிர்வாகம் வேறு செலவுக்குத் திருப்பிவிட்டிருந்தது. பிறகு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எந்த மாதம் எவ்வளவு விடுவித்தோம் என்று அரசு நாளிதழ்களில் வெளியிடத் தொடங்கியது. பள்ளிச் சுவரிலும் வந்த தொகையை எழுதி ஒட்ட உத்தரவு போட்டது. 2001-ல் 80 சதவீதத்துக்கு மேல் பள்ளிக்குப் போனது. பெருமை முழுவதையும் பத்திரிகைக்குக் கொடுக்க முடியாது. அதே காலத்தில் கட்டணம் ஒழிந்து மானிய முறையே மாறியது, மேற்பார்வை கூடியது. இருந்தாலும், திருட்டைக் கண்டதும் குழாயை மூடுவதைவிட, குழாயில் எங்கே ஓட்டை என்று தேடுவது மலிவு என்பதற்கு இது போதும். மூடினால் மாட்டுவது திருடியவர் அல்ல, அந்த ஆண்டு 1-ம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை.

இப்போது பலரும் விரும்பும் முறை, வேலை முடிந்தபின் பணம். வங்கதேசத்தில் 2011-ல் தொடங்கிய மூன்றாவது தொடக்கக் கல்வித் திட்டத்தில் 9 இலக்குகளை வைத்து, எட்டியதற்கு ஏற்பப் பணம் விடுவித்தார்கள். பாடநூல் உரிய காலத்தில் சேர்வது அவற்றில் ஒன்று. உதவி நாடு தனித் திட்ட அலுவலகம் திறந்து, அமைச்சகத்தின் நல்ல அதிகாரிகளை இரட்டைச் சம்பளத்துக்கு இழுத்துக்கொள்வதை இந்த முறை தவிர்க்கும். ஆனால் முதலில் தன் கைக்காசைப் போட முடிந்த அரசுக்குத்தான் இது சரிப்படும். கஜானாவில் ஒன்றுமில்லாத நாட்டில், பணம் வராததால் வேலை நடக்காது, வேலை நடக்காததால் பணம் வராது. இலக்கு எது என்பதையும் பார்க்க வேண்டும். 'கொள்கை ஆவணம் வெளியிடப்பட்டது' என்பதை இலக்காக வைத்தால் ஆவணம் வந்துவிடும். பள்ளியில் புத்தகம் இருக்கிறதா என்று முன்னறிவிப்பின்றி 300 பள்ளிகளில் போய் எண்ணிப் பார்ப்பதை இலக்காக வைத்தால், அந்த 30 கிலோமீட்டருக்கு யாராவது வண்டி ஏற்பாடு செய்வார்கள்.

தலையங்கத்தோடு வந்த பெட்டிச் செய்தியில் ஒரு திருத்தம். உதவி நாடுகள் 'வழங்கிய' தொகை என்று தலைப்பிட்டு நாடுவாரியாக எண்கள் தந்திருந்தீர்கள். அவை மாநாட்டில் உறுதியளித்த தொகைகள். விடுவித்த தொகை வேறு வரிசையில் இருக்கும், பல நேரம் பல ஆண்டுகள் பிந்தி வரும், சில நேரம் வராமலே போகும். அடுத்த தடவை இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட வேண்டுகிறேன். இடமில்லை என்றால் உறுதியளித்த வரிசையை விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்